நூல் விட்ட கேள்விகள்: சங்கத் தேர்தல் ஸ்பெஷல்

ஏனுங்க, வார்டு கவுன்சிலர்ல இருந்து எம்.பி. வரைக்கும் எங்க ஓட்டு வேணும். கம்பெனியில எங்களுக்காகப் பேசற சங்கம் எதுன்னு சொல்றதுக்கு மட்டும் ஒருத்தரும் பெட்டி வைக்க மாட்டேங்கறாங்களே?
– ஓவர்லாக் டைலர், அனுப்பர்பாளையம்

வைத்தே ஆக வேண்டும் என்று யாரும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை, அதனால் வைக்கவில்லை. 1926-இல் வந்த தொழிற்சங்கச் சட்டம் சங்கத்தைப் பதிவு செய்ய வழி சொன்னது. பதிவான சங்கத்தோடு முதலாளி உட்கார்ந்து பேச வேண்டும் என்று சொல்லவில்லை. 1947-இல் அதற்கொரு திருத்தம் நிறைவேறியது. அமலுக்கு வரும் தேதியைக் குறிக்கத்தான் கடைசிவரை யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை. 1958-இல் முதலாளி, தொழிலாளி, அரசு என்று மூன்று தரப்பும் ஒப்புக்கொண்டு ஓர் ஒழுங்கு நெறி எழுதினார்கள். ஒரு வருடமாவது இயங்கி, 15 சதவீதத் தொழிலாளர்களை உறுப்பினராக வைத்திருக்கும் சங்கம் அங்கீகாரம் கேட்கலாம் என்றது அது. கொடுக்காவிட்டால்? மனசாட்சி உறுத்தும், அவ்வளவுதான் தண்டனை.

மகாராஷ்டிரம் 1971-இலும் மேற்கு வங்கம் 1983-இலும் கேரளம் 2010-இலும் சொந்தமாகச் சட்டம் செய்துகொண்டன. நாட்டின் முதல் முறையான தொழிற்சங்கம் பிறந்த தமிழ்நாட்டில் அப்படியொரு சட்டம் இல்லை. இங்கே மாறி மாறி ஆண்ட இரண்டு கட்சிகளுக்கும் சொந்தத்தில் தொழிற்சங்கம் உண்டு. இதற்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கிறதா என்று அடுத்த கடிதம் போடாதீர்கள். இருக்கிறது.

பதிவு, அங்கீகாரம்... ரெண்டும் ஒண்ணுதானுங்களே?
– செக்கிங் தொழிலாளி, பெருமாநல்லூர்

சங்கம் இருக்கிறது என்று அரசு ஒப்புக்கொண்டால் பதிவு. முதலாளி ஒப்புக்கொண்டால் அங்கீகாரம். இரண்டாவதுதான் கஷ்டம் என்று நினைத்திருந்தோம். சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலை முதலாவதும் கஷ்டம்தான் என்று காட்டியது. 2024 செப்டம்பர் 9-இல் தொடங்கி 37 நாள் வேலைநிறுத்தம். சங்கத்தின் பெயரில் கம்பெனியின் பெயர் வரக் கூடாது என்று நிர்வாகம் ஆட்சேபித்தது. விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போய், 2025 ஜனவரி 27-இல்தான் பதிவுச் சான்றிதழ் கைக்கு வந்தது. ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் செய்கிறவர், தான் எந்தக் கம்பெனித் தொழிலாளி என்று பெயர்ப்பலகையில் எழுதிக்கொள்ள இத்தனை மாதம்! சங்கம் சி.ஐ.டி.யு.; அதன் தாய்க்கட்சி, அப்போதைய ஆளும் கட்சியின் கூட்டணியில் இருந்தது. அந்தக் கூட்டணியின் போலீஸ்தான் அந்தச் சங்கத்தின் போராட்டப் பந்தலையும் பிரித்தது.

எந்தத் தேர்தலிலும் ஜெயிக்காத சங்கங்கள் திருப்பூர் முழுவதற்கும் சம்பளம் பேசி முடிக்கின்றன. இந்த அதிகாரத்தை இவர்களுக்கு யார் கொடுத்தது?
– எக்ஸ்போர்ட் கம்பெனி மேலாளர், அவிநாசி ரோடு

1984 கொடுத்தது. பஞ்சப்படி கேட்டு அந்த ஆண்டு பனியன் தொழிலாளர்கள் 127 நாள் வேலைக்குப் போகவில்லை. நான்கு மாதத்துக்கு மேல் சம்பளமில்லாமல் ஒரு சனிக்கிழமையைத் தாண்டி அடுத்த சனிக்கிழமை என்று குடும்பம் நடத்தியவர்கள், தாங்கள் யார் பின்னால் நிற்கிறோம் என்பதைச் சீட்டு எழுதிப் பெட்டியில் போட வேண்டிய தேவை இருக்கவில்லை.

அந்தக் கணக்கில்தான் இன்றும் வண்டி ஓடுகிறது. மேசையின் ஒரு பக்கம் பனியன் உற்பத்தியாளர்களின் சைமா, 1990-இல் தொடங்கிய ஏற்றுமதியாளர் சங்கம், இன்னும் சில முதலாளி அமைப்புகள். மறுபக்கம் சி.ஐ.டி.யு., ஏ.ஐ.டி.யு.சி., தொ.மு.ச., அண்ணா தொழிற்சங்கப் பேரவை, ஐ.என்.டி.யு.சி., எச்.எம்.எஸ்., எம்.எல்.எஃப்., பி.எம்.எஸ். நாற்காலி போட்டு முடிப்பதற்குள் டீ ஆறிவிடும். 2021-இல் இப்படி உட்கார்ந்துதான் நான்கு ஆண்டுக்கு 32 சதவீத உயர்வு என்று கையெழுத்துப் போட்டார்கள். அதில் 19 சதவீதம் முதல் ஆண்டிலேயே. ‘உங்களிடம் எத்தனை தொழிலாளிகள் இருக்கிறார்கள்?’ என்று முதலாளி பக்கம் கேட்பதில்லை. ‘நீங்கள் போடும் கையெழுத்தை எத்தனை கம்பெனி மதிக்கும்?’ என்று தொழிலாளி பக்கமும் கேட்பதில்லை. இரண்டு பேரும் நாகரிகம் தெரிந்தவர்கள்.

இந்த ஏற்பாட்டில் ஒரு நன்மை உண்டு, மேலாளரே. சந்தா கட்டியவர், கட்டாதவர், சங்கத்தின் பேரே தெரியாதவர் எல்லோருக்கும் ஒரே ரேட் காகிதம். ஊருக்கே ஒரு தரைமட்டம். ஆனால் காகிதத்தில் உள்ள ரேட்டும் சனிக்கிழமைக் கவரில் உள்ள பணமும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்க, கம்பெனிக்குள் ஆள் வேண்டும். அந்த ஆளைத் தேர்ந்தெடுக்கும் தேர்தல்தான் இல்லை. 1984-க்குப் பிறகு ஒரே கூரைக்குக் கீழே இருந்த வேலை நிட்டிங் ஓரிடம், சாயம் ஓரிடம், தையல் ‘பவர் டேபிள்’ என்கிற கூலித் தையல் கூடம் என்று பிரிந்து போனது. ஏற்றுமதியின் வேகம் அப்படி என்பார்கள் முதலாளிகள். வேலைநிறுத்தத்தின் பயம் அப்படி என்பார்கள் சங்கத்தார். இரண்டும் சேர்ந்து உண்மையாக இருக்கத் தடையேதும் இல்லை.

சந்தா ரசீதை எண்ணி எது பெரிய சங்கம் என்று முடிவு செய்வதா, ரகசிய வாக்கெடுப்பா? எது ஜனநாயகம்?
– கல்லூரி மாணவி, திருப்பூர்

எதில் நாம் ஜெயிப்போமோ அது. சிரிக்காதீர்கள், வரலாறே அப்படித்தான் இருக்கிறது.

டெல்லியில் காங்கிரஸ் அசைக்க முடியாமல் இருந்த காலத்தில், உறுப்பினர் பதிவேட்டைச் சரிபார்த்தால் போதும் என்றது ஐ.என்.டி.யு.சி. பதிவேட்டைச் சரிபார்ப்பது அரசாங்க அதிகாரி. அரசாங்கம் யாருடையது என்பது ஊருக்கே தெரியும். அதனால் இடதுசாரிச் சங்கங்கள் ரகசிய வாக்கெடுப்புதான் வேண்டும் என்றன. கஜேந்திரகட்கர் தலைமையிலான முதல் தேசியத் தொழிலாளர் ஆணையம் 1969-இல் அறிக்கை கொடுத்தது. அங்கீகாரம் கட்டாயம் என்றது, நல்லது. எந்த முறை என்பதை, இனிமேல் அமைக்கப்போகும் இன்னொரு ஆணையம் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டது. நம் நாட்டில் ஓர் ஆணையத்தின் முக்கியமான பரிந்துரை பெரும்பாலும் மற்றோர் ஆணையம்தான்.

இப்போது அமெரிக்காவுக்குப் போங்கள். அங்கே எல்லாம் தலைகீழ். பெரும்பான்மைத் தொழிலாளர்கள் அட்டையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் போதும், தேர்தல் எதற்கு என்கின்றன சங்கங்கள். ரகசிய வாக்குதான் தொழிலாளியின் புனித உரிமை என்று உருகுகிறார்கள் முதலாளிகள். தேர்தல் தேதிக்கு முன்னால் கிடைக்கும் சில வாரங்களில், தொழிலாளியைத் தனித்தனியாகக் கூப்பிட்டுப் ‘புரிய வைக்க’ நேரம் கிடைக்குமே! கையெழுத்து போதும் என்று ஆக்குவதற்கான மசோதா 2009-இல் வந்தது, தேறவில்லை.

என்னைக் கேட்டால், திருப்பூருக்கு ரகசிய வாக்குதான். சந்தாவைச் சம்பளத்தில் பிடித்துக் கணக்குக் காட்டுவது என்றால், நான் எந்தச் சங்கம் என்று கம்பெனி அக்கவுண்டண்ட்டிடம் எழுதிக் கொடுக்க வேண்டும். அடுத்த வாரம் யாருக்கு வேலை, யாருக்கு ‘ஆர்டர் இல்லை, சொல்லி அனுப்பறோம்’ என்று தெரியும் முதல் ஆளும் அவர்தான். உணவுக் கழக ஊழியர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1995-இல் ரகசிய வாக்கெடுப்பை எப்படி நடத்துவது என்று படிப்படியாக எழுதியே கொடுத்திருக்கிறது. ரயில்வேயில் 2024 டிசம்பரில் மூன்று நாள் ஓட்டுப் போட்டார்கள். ரயில் தடம் புரளவில்லை.

நான் சி.ஐ.டி.யு.வுக்கும் சந்தா கட்டறேன், தொ.மு.ச.வுக்கும் கட்டறேன். தப்புங்களா?
– அயர்ன் மாஸ்டர், வேலம்பாளையம்

தப்பில்லை. ரெண்டு பேரும் உங்களைத் தங்கள் கணக்கில் காட்டுவார்கள். திருப்பூரின் மக்கள் தொகையைவிடச் சங்க உறுப்பினர் தொகை அதிகம் என்று என்றைக்காவது செய்தி வந்தால், காரணம் யார் என்று எனக்குத் தெரியும். வெளியே சொல்ல மாட்டேன்.

புதுச் சட்டத்துல 51 சதவீதம்னு என்னமோ சொல்றாங்களே?
– சிங்கர் டைலர், மங்கலம்

2020-இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, ஐந்து வருடம் அலமாரியில் கிடந்து, 2025 நவம்பர் 21-இல் அமலுக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பு அது. கம்பெனியில் ஒன்றுக்கு மேல் சங்கம் இருந்தால், மஸ்டர் ரோல் என்கிற தொழிலாளர் பதிவேட்டில் உள்ளவர்களில் 51 சதவீதம் பேரின் ஆதரவு எதற்கு இருக்கிறதோ, அதுதான் பேச்சுவார்த்தை நடத்தும் ஒரே சங்கம். யாருக்கும் 51 இல்லையென்றால், 20 சதவீதமாவது ஆதரவுள்ள சங்கங்கள் சேர்ந்து ஒரு குழு. ஒவ்வொரு 20-க்கும் ஒரு நாற்காலி.

நல்லாத்தானே இருக்கிறது என்பீர்கள். கொஞ்சம் மடித்துப் பாருங்கள். 51 சதவீதம் என்பது விழுந்த ஓட்டில் கணக்கிடுவது அல்ல, பட்டியலில் உள்ள மொத்தப் பேரில். அன்று ஊருக்குப் போனவர், காய்ச்சலில் படுத்தவர், மேஸ்திரி முறைத்ததால் வராமல் போனவர் எல்லோரும் எதிர் ஓட்டுக் கணக்கு. இந்தக் கணக்கை எம்.எல்.ஏ. தேர்தலுக்கு வைத்தால் சட்டசபையில் மின்விசிறிகள் மட்டும் சுற்றும். இன்னொரு வேடிக்கை: மேலே சொன்ன எட்டு சங்கமும் ஒரு கம்பெனியில் ஆளுக்குச் சமமாகப் பிரித்துக்கொண்டால் தலைக்கு 12.5 சதவீதம். தொழிலாளிகள் அத்தனை பேரும் சங்கத்தில் இருப்பார்கள். பேச்சுவார்த்தை மேசையில் ஒருவரும் இருக்க மாட்டார்கள்.

ஆதரவை எப்படிச் சரிபார்ப்பது என்பதைச் சட்டம் விதிகளின் பொறுப்பில் விட்டிருக்கிறது. பனியன் கம்பெனி போன்ற தனியார் ஆலைக்கு விதி எழுதுவது மாநில அரசு. ஆக, நாடு முழுக்க 2025 ஜூலை 9-இல் சங்கங்கள் சேர்ந்து எதிர்த்தது டெல்லியின் சட்டத்தை. திருப்பூர்த் தொழிலாளியின் ஓட்டு எப்படி எண்ணப்படும் என்பது கோட்டையில் எழுதும் நான்கைந்து வரியில் இருக்கிறது. எந்தத் தேதியில் பட்டியலை மூடுவது, யார் எண்ணுவது, கேண்டீனில் பிரச்சாரம் செய்யலாமா என்கிற வரிகள். அவற்றுக்காக யாரும் இதுவரை ரயிலை மறிக்கவில்லை.

மஸ்டர் ரோல்னா எங்க கம்பெனியில ரெண்டு இருக்குதுங்க. எதை எண்ணுவாங்க?
– பெயர் வேண்டாம், முதலிபாளையம்

இந்த வாரத்துப் பரிசு உங்களுக்கு. பெயர் இல்லாததால் அனுப்ப முடியவில்லை.

பெட்டியா, ரசீதா என்று அறுபது வருடமாக அடித்துக்கொள்கிறார்கள். திருப்பூரில் தகராறு அதற்கு முன்னாலேயே, வாக்காளர் பட்டியலிலேயே ஆரம்பமாகிவிடும். உங்கள் ஹாலையே எண்ணிப் பாருங்கள். கம்பெனி ஆள், காண்ட்ராக்டர் கூட்டி வந்த ஆள், பீஸ் ரேட்டுக்கு வந்து போகிற டைலர், விடுதியில் தங்கியிருக்கும் பெண்கள். நான்கு பேரும் ஒரே லைனில் ஒரே டி-ஷர்ட்டுக்குத் தோள், கழுத்து, கை, மடிப்பு என்று தைக்கிறார்கள். பட்டியல் என்று வந்தால், காண்ட்ராக்டர் ஆள் காண்ட்ராக்டரின் நோட்டில் இருப்பார். அப்ரெண்டிஸ் சட்டப்படி பயிற்சியில் இருப்பவர் புதிய சட்டத்தில் ‘தொழிலாளி’ என்கிற வரையறைக்குள்ளேயே வர மாட்டார். மூன்று வருடம் மிஷினில் உட்கார்ந்தாலும் பயிற்சி முடியாத அதிசயத்தைப் பஞ்சாலைப் பக்கம் பார்த்தவர்களுக்கு இதன் ருசி தெரியும். குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் சேர்ந்தவருக்கு ஓட்டு உண்டு. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் தேதியும் உண்டு.

போதாக்குறைக்கு, ஆளே நிற்பதில்லை. ‘சிங்கர் டைலர், ஓவர்லாக் டைலர், கைமடி தேவை’ என்று எழுதாத கேட் இந்த ஊரில் எங்கே இருக்கிறது? சனிக்கிழமை கவரை வாங்கிக்கொண்டு, திங்கட்கிழமை பத்துப் பைசா கூடத் தருகிற கேட்டுக்குப் போய்விடுகிறார். அவர் எந்தக் கம்பெனியின் வாக்காளர்?

கம்பெனி கொடுக்கும் நோட்டை வைத்து எண்ணினால், கம்பெனி விரும்பும் முடிவு வரும். இ.எஸ்.ஐ., பி.எஃப். பிடித்தம் போன பெயர்களை வைத்துப் பட்டியலைத் தொழிலாளர் துறையே தயாரிக்கட்டும். காண்ட்ராக்டர் மூலம் வந்தவரையும், அவர் தைக்கிற ஹாலின் கணக்கில் சேர்க்கட்டும். விதி எழுதுகிறவர்களிடம் சங்கங்கள் சண்டை போட வேண்டிய இடம் இது. இன்னொரு லாபமும் இருக்கிறது: பிடித்தமே போகாத ஆள் எத்தனை பேர் என்பது அன்றைக்கே அம்பலமாகிவிடும். அதனால்தான் இந்த யோசனை யாருக்கும் பிடிக்காது.

என்கிட்ட இருக்கறதே 14 மிஷின். எனக்கும் சங்கம், தேர்தல்னு வந்துருமா?
– பவர் டேபிள் உரிமையாளர், வீரபாண்டி

ஏழு பேர் சேர்ந்தால் சங்கப் பதிவுக்கு மனுப் போடலாம். ஆனால் ஊர் அளவிலான சங்கம் இருக்கும்போது உங்கள் 14 மிஷினுக்குத் தனிக்கொடி யாரும் ஏற்றப்போவதில்லை. அது கிடக்கட்டும். பெரிய கம்பெனி தையல் ரேட்டை உயர்த்த மறுத்தபோது பவர் டேபிள்காரர்கள் சங்கமாகச் சேர்ந்து உற்பத்தியை நிறுத்தினீர்களே, அது எந்தத் தேர்தல் நடத்தி எடுத்த முடிவு?

ஒரு தொழிலுக்கு எட்டுச் சங்கம் எதற்கு? ஒரு ஊர், ஒரு தொழில், ஒரே சங்கம் என்று சட்டம் போட்டால் தொல்லை விடும்.
– நிட்டிங் ஜாப் ஒர்க் செய்பவர், காங்கேயம் ரோடு

போட்டுப் பார்த்தார்கள், பம்பாயில். 1946-ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்தப் பகுதியின் பஞ்சாலைகள் அனைத்துக்கும் ஒரே பிரதிநிதிச் சங்கம், ராஷ்டிரிய மில் மஜ்தூர் சங்கம். காங்கிரஸின் ஐ.என்.டி.யு.சி.யைச் சேர்ந்தது. தொழிலாளர்களின் மனம் வேறு பக்கம் போனது. 1982 ஜனவரி 18-இல் இரண்டரை லட்சம் பேர் டாக்டர் தத்தா சாமந்த் பின்னால் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஆலைமுதலாளிகள் என்ன சொன்னார்கள்? ‘அவரோடு பேசச் சட்டத்தில் இடமில்லை. அங்கீகாரம் பெற்ற சங்கம் அது அல்லவே.’ பேசக்கூடிய சங்கத்திடம் ஆள் இல்லை, ஆள் உள்ளவரிடம் பேச அனுமதி இல்லை. அந்தச் சட்டத்தை நீக்க வேண்டும் என்பதே போராட்டத்தின் கோரிக்கைகளில் ஒன்று. ஒன்றரை வருடத்துக்கு மேல் இழுத்து, முடிந்தது என்று முறையாக யாரும் அறிவிக்காமலே அந்த வேலைநிறுத்தம் கரைந்தது. பல ஆலைகள் திறக்கவே இல்லை. இன்று அந்த நிலத்தில் நிற்கும் மால்களில் தொங்கும் பனியனில் சில உங்கள் மிஷினில் பின்னிய துணியாகவும் இருக்கலாம்.

எட்டு சங்கம் தொல்லைதான். மாற்ற வழியில்லாத ஒரே சங்கம் அதைவிடத் தொல்லை. புதுச் சட்டம் அங்கீகாரத்துக்கு மூன்று வருடம் என்று காலம் வைத்திருக்கிறது. இரு தரப்பும் ஒத்துக்கொண்டால் மொத்தம் ஐந்து வரை நீட்டலாம். யார் யாரோடு ஒத்துக்கொள்வார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

தையல் ஹாலில் பாதிக்கு மேல் பொம்பளைங்க. ஒப்பந்தம் போட்ட போட்டோவில் மட்டும் எங்க முகத்தைத் தேட வேண்டியிருக்கு. இதுக்குத் தேர்தல் வந்தா சரியாகுமா?
– கைமடி வேலை செய்யும் அக்கா, நல்லூர்

தானாகச் சரியாகாது அக்கா. 20 பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்தில் குறைதீர் குழு வைக்க வேண்டும், அதில் பெண்கள் தங்கள் விகிதத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். சம்பளம் பேசும் குழுவுக்கு அப்படி ஒரு வரி இல்லை. புகார் சொல்ல நீங்கள், பணம் பேச அவர்கள்.

ஆனால் பக்கத்துத் திண்டுக்கல்லில் வேறொன்று நடந்தது. 2021 ஜனவரியில் அங்கே ஓர் ஆயத்த ஆடை ஆலையில் வேலை செய்த இளம் தலித் பெண் கொல்லப்பட்டார். அவருடைய மேற்பார்வையாளர் கைதானார். தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் என்ற, பெண்கள் தலைமையில் நடக்கும் சங்கம் அந்தக் குடும்பத்தோடு நின்றது. 2022 ஏப்ரலில் ஆலையின் உரிமையாளரான திருப்பூர் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் அந்தச் சங்கத்தோடு ஒப்பந்தம் போட்டது. துணி வாங்கும் எச் அண்ட் எம், கேப், பி.வி.எச். ஆகியவையும் தனியாகக் கையெழுத்திட்டன. லைனில் தைக்கும் பெண்களிலிருந்தே கண்காணிப்பாளர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். ஆலை வாக்கை மீறினால் ஆர்டருக்கு ஆபத்து, இதுதான் பூட்டு.

51 சதவீதம் கேட்டு யாரும் எண்ணவில்லை. மஸ்டர் ரோலை யாரும் புரட்டவில்லை. தொழிலாளர் துறையை விட பையரின் ஈமெயிலுக்கு வேகம் அதிகம் என்பது திருப்பூரில் எல்லோரும் அறிந்த ரகசியம். அந்தப் பெண்கள் அதைச் சங்கத்துக்குப் பயன்படுத்தினார்கள். ஒரு உயிர் போன பிறகு கிடைத்தது என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

பீகார், ஒடிசா ஆளுங்க எல்லாம் சங்கத் தேர்தல்ல ஓட்டுப் போட்டா, நம்மூர்ச் சங்கம் என்னாகும்?
– பனியன் கடைக்காரர், காதர்பேட்டை

கூட்டத்தில் இந்தியும் ஒடியாவும் கேட்கும். நோட்டீஸ் அச்சடிக்கும் செலவு கூடும். வேறொன்றும் ஆகாது. சங்க ஓட்டுக்கு ரேஷன் கார்டு வேண்டாம், மிஷினில் உட்கார்ந்திருந்தால் போதும். சட்டமன்றத் தேர்தலில் இவர்களில் பெரும்பாலோருக்கு இங்கே ஓட்டு இல்லை. கட்சியைத் தாயாகக் கொண்ட சங்கங்கள் இவர்கள் தங்கியிருக்கும் லைன் வீடுகளுக்கு எத்தனை முறை போயிருக்கின்றன என்று கேட்டுப் பாருங்கள்; போகாததற்குக் காரணமும் அதுவே. ஒரு லட்சத்துக்கு மேல் இருக்கும் இவர்களுக்குத் திருப்பூரில் கிடைக்கும் முதல் ஓட்டு சங்க ஓட்டாக இருக்கும் என்றால், அடுத்த வாரமே நம் தலைவர்கள் இந்தி படிப்பார்கள். யார் எதிர்த்தாலும் படிப்பார்கள்.

வாக்குப்பெட்டியைக் கம்பெனிக்குள் வைத்தால் என்ன, வெளியே வைத்தால் என்ன?
– ஹெச்.ஆர். அலுவலர், பல்லடம் ரோடு

உங்கள் துறையிலிருந்தே இந்தக் கேள்வி வந்தது மகிழ்ச்சி. அமெரிக்காவின் அலபாமாவில் அமேசான் கிடங்குத் தொழிலாளர்கள் 2021-இல் தபால் மூலம் ஓட்டுப் போட்டார்கள். சங்கம் தோற்றது. கிடங்கின் வாகன நிறுத்தத்திலேயே ஒரு தபால் பெட்டி முளைத்திருந்தது. ஓட்டுச் சேகரிப்பதே கம்பெனிதான் என்ற எண்ணத்தை அது உண்டாக்கிவிட்டது என்று சொல்லி, தொழிலாளர் வாரியம் தேர்தலைத் திரும்ப நடத்தச் சொன்னது. ஒரு தகரப் பெட்டிக்காக!

நமக்குப் பக்கத்தில், அதுவும் நம் தொழிலிலேயே பார்க்க வேண்டுமென்றால் இலங்கை. அங்கே 1999-இல் வந்த திருத்தப்படி, 40 சதவீதத் தொழிலாளர்களைக் கொண்ட சங்கத்தோடு முதலாளி பேச மறுக்க முடியாது. கட்டுநாயக்கவில் ஜக்கலங்கா என்ற ஆடை ஆலையில் 2003 ஜூலையில் அதற்கான வாக்கெடுப்பு நடந்தது. நூற்றுக்கணக்கானோர் வேலை செய்த ஆலையில் ஓட்டுப் போட வந்தவர்கள் 17 பேர். மற்றவர்களை மிரட்டிவிட்டார்கள் என்றது சங்கம். அந்தச் சம்பவம் உலகச் செய்தியாகி, சில மாதங்களில் நிர்வாகம் சங்கத்தோடு உட்கார்ந்தது. சட்டம் சரியாக இருந்தது, பெட்டி சரியாக இருந்தது, ஓட்டும் ரகசியம்தான். ஓட்டுச்சாவடிக்கு நடந்து போவது மட்டும் எல்லோர் கண்ணிலும் படும்.

அரசியல்வாதி நுழையாமல் சங்கத் தேர்தல் நடத்த முடியாதா?
– ஓய்வு பெற்ற ஆசிரியர், அவிநாசி

1918-இல் சென்னை பி அண்ட் சி மில் தொழிலாளர்களுக்குச் சங்கம் அமைத்தவர்களில் ஒருவரான பி.பி. வாடியா மில் தொழிலாளி அல்ல, வெளியாள். பின்னி கம்பெனி 1920-இல் அவர்மீது வழக்குப் போட்டு, நஷ்ட ஈடு கேட்டு, நீதிமன்றத் தடை வாங்கி அவரை ஒதுங்க வைத்தது. வெளியாள் என்பதால் வழக்கைத் தாங்க முடிந்தது. உள்ளாளாக இருந்திருந்தால் வழக்கே தேவைப்பட்டிருக்காது, கேட்டோடு முடிந்திருக்கும். சங்கத்துக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்ற குரல் எழ அந்த வழக்கு ஒரு காரணம். 1926 சட்டம் அதன் தொடர்ச்சி. இன்றைக்கு நிர்வாகிகளில் மூன்றில் ஒரு பங்கு அல்லது ஐந்து பேர், எது குறைவோ அதுவரைதான் வெளியாட்கள்.

ஓட்டு நிஜமாக ரகசியமாக இருந்தால் அரசியல்வாதி நுழைந்தும் ஏமாந்து போவார். தெலங்கானாவில் சிங்கரேணி நிலக்கரிச் சுரங்கத்தைப் பாருங்கள். 2012, 2017 இரண்டு தேர்தலிலும் சந்திரசேகர ராவ் கட்சியின் சங்கம் ஜெயித்தது. 2023 டிசம்பரில் மாநிலத்தில் காங்கிரஸ் ஆட்சிக்கு வந்த அதே மாதம், 27-ஆம் தேதி, சுரங்கத் தேர்தல். பழைய ஆளும் கட்சிச் சங்கம் காணாமல் போனது. புதிய ஆளும் கட்சியின் ஐ.என்.டி.யு.சி. ஜெயிக்கும் என்று மாலை வாங்கி வைத்தார்கள். சுமார் 2,000 ஓட்டு வித்தியாசத்தில் ஏ.ஐ.டி.யு.சி. அங்கீகாரத்தைத் தட்டிக்கொண்டு போனது. பகுதிவாரியாகப் பார்த்தால் 11-இல் ஆறு ஐ.என்.டி.யு.சி.க்கு! யாரைச் சந்தோஷப்படுத்துவது, யாரை எச்சரிப்பது இரண்டையும் சுரங்கத்துக்குள்ளேயே யோசித்து முடித்திருக்கிறார்கள்.

திருப்பூர்ல சங்கத் தேர்தல் வந்தா எந்தக் கிழமை வைக்கலாமுங்க?
– பேக்கிங் தொழிலாளி, ராயபுரம்

கிழமையை விடுங்கள், வாரத்தைச் சொல்கிறேன். தீபாவளிக்குப் பிறகு வேண்டவே வேண்டாம். போனஸை வாங்கிக்கொண்டு பாதிப்பேர் கம்பெனி மாறியிருப்பார்கள், பட்டியல் பழைய காலண்டர் ஆகியிருக்கும். போனஸ் பேச்சு ஆரம்பிப்பதற்கு முந்தின வாரம் வையுங்கள். அப்போதுதான் ஆளும் பட்டியலில் இருப்பார்கள், தலைவர்களும் போனை எடுப்பார்கள்.